ரிவர்ஸ் லூப்பில் ரயில் ஏன் நின்றுவிடுகிறது?

கன்னியாகுமரி ஸ்டேஷனோடு தண்டவாளம் முடிந்துவிடும், அதற்கு அப்புறம் கடல்தான். வந்த ரயில் திரும்பிப் போக வேண்டுமென்றால் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் கொண்டுபோய் மாட்ட வேண்டும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் மாடல் ரயில் லேஅவுட்டில் எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது, ஓடுகிற ரயில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் கன்னியாகுமரிக்கு அப்பால் பிளைவுட்டில் நீலப் பெயிண்ட் அடித்துக் கடல் ஒன்று செய்து, அதற்கு அடியில் ஒரு வளையம் போட்டேன், இதைத்தான் ரிவர்ஸ் லூப் என்பார்கள். ரயில் கடலுக்குள் புகுந்து, சுற்றி, முகம் திருப்பி, போன பாயிண்ட் (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) வழியாகவே வெளியே வரும். "சித்தப்பா, கடலுக்குள்ள போயிட்டு வருது!" என்று அண்ணன் மகன் கத்திய நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த நாள் வருவதற்கு முன் ஆறு வாரம் அந்த வளையத்தோடு மல்லுக்கட்டினேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான், டிசிசியை, அதாவது தண்டவாளம் வழியாகவே இன்ஜினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறையை, இப்போதுதான் தொடங்கியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் நாள் நடந்தது இதுதான். வளையத்தின் கடைசித் தண்டவாளத்தைப் பாயிண்டோடு பொருத்திய உடனே டக் என்று ஒரு சத்தம், மொத்த லேஅவுட்டும் செத்துவிட்டது. எல்லா இன்ஜினும் நின்றுவிட்டன, கட்டளையும் கரண்டும் அனுப்பும் பெட்டியான கமாண்ட் ஸ்டேஷனில் ஷார்ட் விளக்கு மின்னியது. டிசிசியில் ரயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தண்டவாளம் முடிவு செய்வதில்லையே, அப்புறம் ஏன் ஷார்ட் என்று எனக்குப் புரியவே இல்லை.

அந்தக் கேள்வி சரியான கேள்விதான், அதிலிருந்தே தொடங்கலாம். பழைய டிசி முறையில் ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ், இரண்டையும் மாற்றினால் ரயில் பின்னால் போகும். டிசிசியில் அப்படிக் கிடையாது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும், எச்ஓ என்ற மாடல் அளவில் ஏறக்குறைய 14, 15 வோல்ட். அது நொடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு திசையில் 58 மைக்ரோ செகண்டும் மறு திசையில் 58 மைக்ரோ செகண்டும் நின்றால் அது ஒன்று, 100 மைக்ரோ செகண்டோ அதற்கு மேலோ நின்றால் அது சைபர். இந்த ஒன்றும் சைபரும் சேர்ந்ததுதான் கட்டளை. இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் அந்த நேரத்தை அளந்து "மூன்றாம் நம்பர் இன்ஜின், முன்னால் போ" என்று படித்துக்கொள்கிறது. மோட்டாருக்கு வேண்டிய கரண்டையும் அதே தண்டவாளத்திலிருந்து எடுத்து, நேர்மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. ஆகவே இடது தண்டவாளமும் வலது தண்டவாளமும் இடம் மாறினால் இன்ஜினுக்குத் தெரியவே தெரியாது.

தண்டவாளங்களுக்குத்தான் தெரியும். எந்தக் கணத்தை எடுத்தாலும் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் நிலையில் இருக்கின்றன. வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் வந்தால் இரண்டு ஃபேஸை ஒன்றாக முறுக்கிவிட முடியுமா? அதே கதைதான் இங்கேயும்.

வளையத்தில் இவை ஏன் முட்டுகின்றன என்பதை ஒரு நடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஒரு சந்தில் இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே போய், முடிவில் இருக்கிற குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அதே சந்துக்குள் திரும்பி வாருங்கள். போகும்போது இடது கை தொட்ட சுவரை இப்போது வலது கை தொடும். தண்டவாளத்துக்கும் இதேதான் நடக்கிறது. இடது தண்டவாளம் வளையத்தைச் சுற்றி வந்து பாயிண்டில் வலது தண்டவாளத்தோடு சேர்கிறது. வெறும் தண்டவாளத்தைப் பொருத்தி கரண்ட் கொடுத்தாலே ஷார்ட், ரயில்கூட வேண்டாம்.

அதனால் லேஅவுட் போடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, சிவப்பு நீலம் இரண்டு முனையும் உள்ள பழைய ஆபீஸ் பென்சில் ஒன்று இருக்கிறதா என்பதுதான். பேப்பரில் லேஅவுட்டை இரட்டைக் கோடாக வரைந்து, ஒரு தண்டவாளத்தைச் சிவப்பாலும் மற்றதை நீலத்தாலும் கையெடுக்காமல் தொடர்ந்து வரைந்துகொண்டே போங்கள். எங்கேயாவது சிவப்பும் நீலமும் ஒரே கோட்டில் மோதினால் அங்கே ரிவர்ஸ் பகுதி இருக்கிறது. மோதவே இல்லையென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். இதைச் செய்யாமல் நேராகக் கடைக்கு ஓடி இதற்கென்று விற்கும் மாட்யூல் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு அது தேவையே இருக்கவில்லை. நாய்க்கு எறிகிற எலும்பு மாதிரி இரண்டு முனையும் உருண்டு நடுவில் இரண்டு லைன் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் லேஅவுட் பார்க்க ரிவர்ஸ் லூப் போலவே இருக்கும், ஆனால் அது நசுக்கிய வட்டம்தான், நிறம் மோதாது. நடுவில் அந்த இரண்டு லைனையும் இணைக்க ஒரு குறுக்குப் பாதை போட்டீர்களோ, மோதிவிடும். வட்டத்துக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சாய்வாகப் போகும் பாதையும் அப்படித்தான்.

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது, 1981இல் திருநெல்வேலி பாதை நாகர்கோவிலோடு சேர்ந்தது. திருவனந்தபுரத்திலிருந்து திருநெல்வேலி பக்கம் போகும் சில ரயில்கள் நாகர்கோவில் ஜங்ஷனுக்கு வராமல் டவுன் ஸ்டேஷன் வழியாகவே போய்விடும். ஜங்ஷனுக்கு வரும் இரண்டு பாதையும் இந்தக் குறுக்குப் பாதையும் சேர்ந்தால் ஒரு முக்கோணம். நிஜ ரயிலுக்கு அதில் ஒரு சிக்கலும் இல்லை, மேலே ஒரு கம்பியில் கரண்ட் வருகிறது, தண்டவாளம் இரண்டும் திரும்பும் வழி. அதையே இரண்டு தண்டவாளத்திலும் கரண்ட் ஓடும் மாடலில் செய்தால், முக்கோணத்தின் ஒரு பக்கத்தில் சிவப்பும் நீலமும் கட்டாயம் மோதும். நாகர்கோவிலை மாடலாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மோதுகிறது என்று கண்டுபிடித்துவிட்டோம். தீர்வு என்னவென்றால், வளையத்தில் ஒரு துண்டை மற்ற லேஅவுட்டிலிருந்து முழுக்கப் பிரிப்பது. துண்டின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்ட வேண்டும், மொத்தம் நான்கு வெட்டு. ஒரே தண்டவாளத்தை மட்டும் வெட்டினால் போதாது, மூன்று வெட்டும் போதாது. பிரித்த துண்டுக்கு ஆட்டோ ரிவர்சர் என்ற சின்னப் பெட்டி வழியாகத் தனியாகக் கரண்ட் போகும். லென்ஸ் கம்பெனியின் எல்கே200, டிஜிட்ராக்ஸ் கம்பெனியின் ஏஆர்1 எல்லாம் இந்த வகைதான். பெட்டியின் உள்வழி மெயின் லைனிலிருந்து வரும், வெளிவழி அந்தத் துண்டுக்கு மட்டும் போகும்.

இந்தப் பெட்டி செய்கிற வேலை எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ரயில் துண்டுக்குள் நுழையும்போது முதல் சக்கரம் வெட்டின் மேல் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் இணைக்கிறது. இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லையென்றால் அந்தக் கணத்தில் ஷார்ட். கமாண்ட் ஸ்டேஷன் அதைக் கவனித்து மூடிக்கொள்வதற்கு முன்பே ரிவர்சர் கவனித்து, துண்டின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுவிடும். இப்போது ஒத்துப்போகிறது, ரயில் உள்ளே போகிறது. வெளியே வரும்போது மறுமுனை வெட்டில் திரும்பவும் ஷார்ட், திரும்பவும் மாற்றம். இத்தனையும் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது, தண்டவாளம் மாறியதைக் கண்டுகொள்ளாத டிகோடர் என்பதால் இன்ஜினில் ஒரு சிலிர்ப்புக்கூடத் தெரியாது.

இதிலிருந்தே ஒன்று விளங்கும். ரிவர்சரால் ஒரு நேரத்தில் ஒரு முனையைத்தான் ஒத்துப்போகச் செய்ய முடியும். ரயிலின் தலை வெளியே போகும் வெட்டிலும் வால் உள்ளே வந்த வெட்டிலும் ஒரே நேரத்தில் நின்றால், இந்தப் பக்கம் சரி செய்தால் அந்தப் பக்கம் ஷார்ட், அந்தப் பக்கம் சரி செய்தால் இந்தப் பக்கம் ஷார்ட். ஆகவே துண்டு உங்களிடம் இருக்கும் மிக நீளமான ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். கோச்சுக்கு பிளாஸ்டிக் சக்கரம்தானே, பரவாயில்லை என்று விட்டுவிட்டு, பின்னால் உலோகச் சக்கரமும் விளக்கும் உள்ள கோச் வாங்கி மாட்டிய அன்று பிரச்சினை வரும். நான்கு கோச்சோடு ஓடுகிறது, ஐந்தாவது மாட்டினால் நிற்கிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், டேப் எடுத்து நீளத்தை அளங்கள்.

இனி மீட்டர். இந்த ஒரு சோதனைக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்றே சொல்லலாம், எனக்கு இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஆறு வாரம் போயிருக்காது. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். டிசிசி அலையைச் சாதா மீட்டர் துல்லியமாகக் காட்டாது, ஆனால் நமக்கு வேண்டியது ஒப்பீடுதான். முதலில் வளையத் துண்டின் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து, உள்ளே கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், 14 வோல்ட் போல ஒரு எண் வர வேண்டும். அப்புறம் ஒரு வெட்டுக்கு வந்து, ஒரே தண்டவாளத்தில், வெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு முனையும் அந்தப் பக்கம் ஒரு முனையும் வையுங்கள். வெட்டுக்கு இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் மீட்டர் சைபருக்குப் பக்கத்தில் நிற்கும், ஒத்துப்போகாவிட்டால் முழு 14ஐக் காட்டும். அதே மாதிரி மறுமுனை வெட்டிலும் பாருங்கள். வயரிங் சரியாக இருக்கிற ரிவர்ஸ் லூப்பில் எப்போதும் ஒரு முனை சைபர், மறுமுனை முழு எண். சைபர் காட்டிய முனை வழியாக ரயிலை உள்ளே விட்டு, ஒரு தடவை சுற்றவிட்டு மறுபடி அளந்தால் இரண்டும் இடம் மாறியிருக்கும். நான் முதல் முறை இதைப் பார்த்தபோது, சைபர் இருந்த இடத்தில் 14உம், 14 இருந்த இடத்தில் சைபரும் தெரிந்தபோது, இத்தனை நாள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டு முனையிலும் ஒரே எண் வந்தால், நீங்கள் வெட்டிய துண்டு ரிவர்ஸ் பகுதியே கிடையாது, பென்சிலோடு மறுபடி உட்காருங்கள். கரண்ட் போட்டவுடனே, ரயிலே இல்லாமல் ஷார்ட் ஆகிறதென்றால் வெட்டு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை, அல்லது எங்கேயோ ஒரு வயர் தவறான இடத்துக்குப் போயிருக்கிறது. அதற்கு மின்சாரத்தை நிறுத்தி, இன்ஜின், கோச் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ரிவர்சரிலிருந்து வளையத்துக்குப் போகும் இரண்டு வயரையும் கழற்றிவிடுங்கள். மீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, வளையத்துத் தண்டவாளம் ஒன்று, மெயின் தண்டவாளம் ஒன்று என்று நான்கு விதமாகவும் தொட்டுப் பாருங்கள். நான்கிலும் சத்தம் வரக் கூடாது.

எனக்கு வந்தது. மெயின் லைனில் ஒவ்வொரு மீட்டர் தூரத்துக்கும் ஒன்று என்று, தண்டவாளத்துக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபீடர் வயர் சால்டர் செய்து பலகைக்கு அடியில் இறக்கியிருந்தேன், எல்லாமே சிவப்பும் கறுப்பும். மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச்சை வாயில் கடித்தபடி இணைக்கும்போது, வளையத்தின் ஒரு ஜோடி மெயின் பஸ்ஸோடு, அதாவது மெயின் லைன் ஃபீடர்கள் எல்லாம் சேரும் தடித்த வயரோடு, போய்ச் சேர்ந்துவிட்டது. மேலே எத்தனை வெட்டு வெட்டினாலும் கீழே வயர் அதைச் சேர்த்துவிடுகிறது. அதற்கப்புறம் வளையத்துக்கு மஞ்சளும் பச்சையும் மட்டும்தான் போடுகிறேன், மஞ்சள் எங்கே சிவப்பைத் தொட்டாலும் உடனே கண்ணில் படும்.

அதைச் சரி செய்து இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மே மாதம் இன்னொரு தொல்லை. காலையில் ஓடும், மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வளையத்தில் நின்றுவிடும், ராத்திரி மறுபடி ஓடும். ரிவர்சர் சூடாகிறதோ என்று அதைக் கழற்றி ஃபேன் எல்லாம் வைத்துப் பார்த்தேன். கடைசியில் மார்த்தாண்டத்தில் இருபது வருஷமாக மாடல் ரயில் ஓட்டுகிற அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன். நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, மாடியில கான்கிரீட்டா, ஷீட்டா?"

"ஷீட்டுதான் அண்ணே."

"அப்போ வெட்டு மூடியிருக்கும். மத்தியானம் லென்ஸ் வச்சுப் பாரு."

பார்த்தேன். காலையில் தெளிவாகத் தெரிந்த இடைவெளி மத்தியானம் ஒரு முடிக்கோடு போல ஆகியிருந்தது, ஒரு இடத்தில் இரண்டு முனையும் முட்டிக்கொண்டிருந்தன. எங்கள் தண்டவாளம் நிக்கல் சில்வர். 3 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் 15 டிகிரி சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் வெட்டினால் கிடைக்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். போதாததற்கு அடியில் இருக்கிற ரப்பர் மரச் சட்டம் வெயிலில் காய்ந்து கொஞ்சம் சுருங்கும். அண்ணன் சொன்ன வழி, காலாவதியான ஏடிஎம் கார்டை வெட்டி அதில் செருகுவது. அந்த பிளாஸ்டிக்கும் முக்கால் மில்லிமீட்டர் கனம்தான். ஒரு சொட்டு ஃபெவிக்விக் வைத்துச் செருகி, காய்ந்தபின் தண்டவாளத்தின் உருவத்துக்கே மேலும் பக்கமும் அரம் வைத்துத் தேய்த்துவிட வேண்டும். உள்பக்கம் துருத்திக்கொண்டு இருந்தால் சக்கரம் ஏறிக் கவிழும். நான்கு வெட்டிலும் செருகினேன், அடுத்த மே மாதத்தில் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

வயரிங் சரி, வெட்டும் சரி, ஆனாலும் ரயில் வெட்டில் ஏறியதும் மொத்த லேஅவுட்டும் நிற்கிறது என்றால், ரிவர்சருக்கும் கமாண்ட் ஸ்டேஷனுக்கும் இடையில் யார் முந்துவது என்ற போட்டியில் ரிவர்சர் தோற்கிறது என்று பொருள். தொடக்கநிலை செட்டுகள் பலவும் 2 ஆம்பியர் அளவுதான் தரும். ரிவர்சர் 3 ஆம்பியரில்தான் விழித்துக்கொள்ளும் என்று இருந்தால், அது விழிப்பதற்குள் செட் மூடிக்கொண்டுவிடும். பெரும்பாலான ரிவர்சரில் இதைக் குறைக்க ஒரு திருகோ ஜம்பரோ இருக்கும். குறைத்துக்கொண்டே வாருங்கள், ஆனால் மிகக் குறைத்துவிட்டால் சவுண்ட் இன்ஜின் உள்ளே நுழைந்து கரண்டை இழுக்கும்போதே ஷார்ட் என்று நினைத்துத் தேவையில்லாமல் மாறி மாறிப் போடும். ரிலே உள்ள ரிவர்சர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தால் இதையும் சந்தேகப்படலாம்.

இதற்கு நேர் எதிரான குறையும் உண்டு, அது எளிதில் பிடிபடாது. வயர் மெல்லியதாகவோ இணைப்பு தளர்ந்தோ இருந்தால், ஷார்ட் ஆனாலும் போதுமான கரண்ட் ஓடாது, ரிவர்சர் கண்டுகொள்ளாது, சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் பொறி பறக்கும், இன்ஜின் அங்கேயே திக்கி நிற்கும். இதற்கு நாணயச் சோதனை. ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, லேஅவுட்டில் ஒவ்வொரு இரண்டு அடிக்கும் ஒரு இடத்தில் இரண்டு தண்டவாளத்தின் மேலும் படும்படி வையுங்கள். எங்கே வைத்தாலும் உடனே ட்ரிப் ஆக வேண்டும். வளையத்துக்குள் வைத்தால் முதலில் ரிவர்சர் மாற்றிப் பார்க்கும், அதிலும் தீராமல் அப்புறம் ட்ரிப் ஆகும். ட்ரிப் ஆகாத இடம் இருந்தால் காசை அப்படியே விட்டுவிடாமல் ஒரு மரக்குச்சியால் உடனே தட்டிவிடுங்கள், சூடாகி ஸ்லீப்பரை உருக்கிவிடும். அந்த இடத்துக்குப் புது ஃபீடர் வேண்டும். பஸ்ஸுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், ஃபீடருக்கு 0.75, எலெக்ட்ரிக்கல் கடையில் வீட்டு வயரிங்குக்கு வாங்குவதே போதும். தண்டவாளங்களைச் சேர்க்கும் ஜாயினரை மட்டும் நம்பாதீர்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடலை ஒட்டி வீடு இருந்தால் இன்னும் நம்பாதீர்கள், உப்புக்காற்றில் ஒரு வருஷத்தில் ஜாயினருக்குள் பச்சை பூத்துவிடும்.

பாயிண்டையும் மறக்க வேண்டாம். பாயிண்டின் நடு மூக்கில் கரண்ட் உள்ள வகையாக இருந்தால், வளையத்திலிருந்து ரயில் வெளியே வரும்போது பாயிண்ட் வேறு பக்கம் இருந்தாலும் ஷார்ட் வரும். அது வயரிங் ஷார்ட் மாதிரியே இருக்கும், ரிவர்சர் மாற்றி மாற்றிப் போட்டும் தீராது, ஏனென்றால் தவறு அதனிடம் இல்லை. வெட்டைப் பாயிண்டின் வாயிலேயே வைக்காமல் ஒரு இன்ஜின் நீளமாவது தள்ளி வைத்தால் இரண்டையும் பிரித்துக் கண்டுபிடிக்கலாம்: சக்கரம் வெட்டில் ஏறும்போது நிற்கிறதா, பாயிண்டின் மூக்கில் ஏறும்போது நிற்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். லேஅவுட்டின் இரண்டு முனையிலும் வளையம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி ரிவர்சர், நடுவில் மாறாத மெயின் லைன் கட்டாயம் வேண்டும். இரண்டு ரிவர்ஸ் பகுதியையும் ஒட்டி வைத்தால் இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொண்டு ஒன்றையொன்று துரத்தும்.

ஆட்டோ ரிவர்சர் வாங்கக் காசு இப்போது இல்லை என்றால் ஆறு கால் உள்ள டிபிடிடி சுவிட்ச் ஒன்று போதும். மேலே இரண்டு காலையும் கீழே இரண்டு காலையும் குறுக்காக இணைத்து, மேல் கால்களுக்கு மெயின் லைனிலிருந்து கரண்ட் கொடுத்து, நடுக்கால்களை வளையத்துக்குக் கொடுத்துவிட்டால், ரயில் முழுவதும் துண்டுக்குள் வந்தபின் கையால் தட்டிக்கொள்ளலாம். நான் முதல் மாதம் அப்படித்தான் ஓட்டினேன். எந்தக் கணத்தில் எது மாறுகிறது என்பது கைக்கே தெரிந்துவிடும் என்பதால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் கொஞ்ச நாள் அப்படி ஓட்டுவதை நான் நல்லது என்றே நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்தபின், உங்கள் மிக நீளமான ரயிலை மிக மெதுவாக, வெட்டுகளின் மேல் ஒவ்வொரு சக்கரமும் ஏறி இறங்குவது தெரியும் வேகத்தில் ஒரு சுற்று விடுங்கள். அப்புறம் அதே ரயிலைப் பின்னால் தள்ளிக்கொண்டு, பாயிண்டை மாற்றி, எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று. என் வளையத்தில் கடைசியாக மிச்சமிருந்த குறை, ஒரு கோச்சின் ஒரே ஒரு அச்சில் சக்கரம் தலைகீழாக மாட்டியிருந்தது, அந்தப் பின்னோட்டத்தில்தான் அகப்பட்டது.